வெறும் மண்ணும் ஒரு வீடுதான்

போன வருஷம் நான் ஒரு தப்பு பண்ணேன். கத்தரிச் செடிக்குப் பக்கத்துல பென்சில் கனத்துக்கு நாலஞ்சு ஓட்டை. எறும்புன்னு நினைச்சு மண்ணைக் கொத்தி சமன் பண்ணிட்டேன். அது நீலப்பட்டைத் தேனீயோட வீடுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

உலகத்தில் சுமார் 20,000 தேனீ இனங்கள் உண்டு. அதில் பெரும்பாலானவை அடை கட்டுவதில்லை. மண்ணுக்குள் வளை தோண்டுகின்றன. வளைக்குள் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் மகரந்த உணவு, ஒரு முட்டை. நான் கொத்தினது அந்த அடுத்த தலைமுறையைத்தான்.

நஷ்டம் எனக்கும்தான். கத்தரிப் பூவில் மகரந்தம் குழாய் மாதிரிப் பைக்குள் இருக்கும். நுனியில் மட்டும் துளை. நீலப்பட்டைத் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். உப்பு டப்பாவைக் குலுக்கின மாதிரி மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது.

சரி, என்ன செய்யலாம்? வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத இடத்தில் ரெண்டடி மண்ணை அப்படியே விடுங்க. சிமெண்ட் வேண்டாம், கொத்த வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம். செடிக்கு நல்லதுன்னு நாம போடுற மூடாக்குகூட அங்கே வேண்டாம். அது வாசலை அடைச்சிடும். பக்கத்துல துளசி வைங்க, தேன் குடிக்க வரும்.

கொட்டுமான்னு பயமா? இதுங்க தனியா வாழறதால, கூட்டமா துரத்தி வராது. கையில் பிடிச்சு அழுத்தினாத்தான் கொட்டும்.

இந்த வருஷம் அந்த மூலையை நான் தொடவே இல்லை. போன வாரம் அங்கே ஒரு புது ஓட்டை.