யோசிக்கிற பிள்ளைக்கு ஒரு தொழில்

"உவன் ஒன்றுக்கும் துணியமாட்டான்" என்று தம் பிள்ளையைப் பற்றிக் குறைபடும் பெற்றோர் பலர். கடை போடச் சொன்னால் நட்டம் வருமோ என்று யோசிப்பான். வெளிநாடு போகச் சொன்னால் ஏஜென்சிக்காரரை நம்பலாமோ என்று கேட்பான். (அப்படிக் கேட்பதில் பிழை ஒன்றுமில்லை.) ஆனால் பழுதான றேடியோ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் சாப்பாட்டையும் மறந்து அதனோடேயே இருப்பான்.

இத்தகைய பிள்ளைகளுக்குக் கணக்குப் பதிவு, வீட்டு மின்னிணைப்பு, தையல் மெசின் திருத்துதல் எனப் பல தொழில்கள் பொருந்தும். நாம் இங்கே எடுத்துக்கொள்வது எமது விவசாயக் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றை: தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துதல். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள் கிணற்றையும் காணியையும் விட்டுவிட்டே வந்தார்கள். இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஸ்பனர்களோ ஒரு சாக்குப் பைக்குள் அடங்கும். பெண்பிள்ளைகளும் இதைப் பழகலாம்.

இதில் அவசரக்காரர் எப்படித் தவறுகிறார் என்று பாருங்கள். மெசின் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. அவர் உடனே இஞ்சினைக் கழற்றுவார். நிதானமானவர் முதலில் மெசினை நிறுத்தி, பம்பிக்குள் தண்ணீர் நிரப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நிரப்பிய தண்ணீர் இறங்கிப் போனால், கிணற்றுக்குள் இருக்கும் புட்வால்வு பிடிக்கவில்லை. அதில் ஒரு சிறு கல்லோ சருகோ சிக்கியிருக்கலாம். தண்ணீர் இறங்காமல் நின்றும் மெசின் ஓடும்போது இழுக்கவில்லையென்றால், உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் காற்று புகுகிறதா, சல்லடை அடைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பழுது என்று தெரியாமலே போய்விடும்.

எல்லாம் சரியென்றால் ஒரு கயிற்றை விட்டுக் கிணற்றை அளக்கவேண்டும். பம்பி தண்ணீரை இழுப்பதாக நாம் சொன்னாலும், உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அது 34 அடிக்கு மேல் தள்ளாது. நடைமுறையில் 25 அடிக்கு மேல் நம்பமுடியாது. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் எந்த மெக்கானிக்காலும் அந்த மெசினை இறைக்க வைக்க முடியாது.

அப்போது சிலர் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பெற்றோல், மண்ணெண்ணெய் இஞ்சின்களின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் அது தேங்கி நிற்கும். உள்ளே இறங்கியவர் தலை சுற்றுவதை உணர முன்னரே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மின்சாரம் உள்ள இடத்தில் நீர்மூழ்கிப் பம்பி போடலாம். இல்லையேல் ஊற்று ஊறும்வரை விட்டுவிட்டு இறைக்கவேண்டும். "மெசினை இறக்கு, நான் காசு தருகிறேன்" என்று தோட்டக்காரர் சொல்லும்போது மாட்டேன் என்று சொல்லக்கூடியவர் அந்த யோசிக்கிற பிள்ளைதான்.

தொடங்குவதற்குக் கடையோ பெரிய கடனோ தேவையில்லை. அனுபவமுள்ள ஒருவரோடு ஒரு போகம் கூடப் போகட்டும். திருத்திய ஒவ்வொரு மெசினையும் ஒரு கொப்பியில் எழுதட்டும்: திகதி, கண்ட பழுது, மாற்றிய பொருள், வாங்கிய கூலி. அதே பழுது திரும்ப வந்தால் கொப்பி வழிகாட்டும்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. படிக்காமல் கைப்பழக்கத்தால் கற்றவர்களும் முன்னனுபவத்தைக் காட்டி, பரீட்சிக்கப்பட்டு, என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறலாம். அதற்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோகவேண்டும். விபரங்களைப் பிரதேச செயலகத்தில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம்.