சிரிப்பும் ஒரு வேலைதான்!

ஜவுளிக்கடையில் ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, 'ஒண்ணும் பிடிக்கலை' என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. அவர்களிடமும் 'பரவாயில்லைக்கா, அடுத்த தடவை வாங்க' என்று அந்த விற்பனைப் பெண் சிரிக்க வேண்டும். கால் கடுக்கலாம், முகம் கடுக்கக் கூடாது!

இதுவும் உழைப்புதான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த அமெரிக்க சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹோக்‌ஷில்ட், 1983-ல் வந்த தன் நூலில் இதை விளக்கினார். அவர்களுக்குச் சிரிப்பும் சம்பளத்துக்கான வேலை. அதற்குப் பயிற்சியே உண்டு.

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் 14. பசி, தூக்கம், சிறுநீரோடு கண்ணீரும் அதில் ஒன்று. பகலெல்லாம் அடக்கி வைத்தது எங்கே போகும்? ராத்திரி, ஹோம்வொர்க் எழுதாத பிள்ளை மேல் பாயும். உடனே 'அவ குணமே அப்படித்தான்' என்று முத்திரை குத்தாதீர்கள். பாதிக்கு மேல் அது களைப்பு.

என்ன செய்யலாம்?

* வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம் சும்மா விடுங்கள். முகம் கழுவி, சூடாக ஒரு சுக்குமல்லி காபி குடிக்கட்டும்.

* அழுகை வந்தால் அழட்டும். 'எதுக்கு இப்ப அழறே?' என்று அதட்டாதீர்கள்.

* வீட்டிலும் சிரித்த முகம்தான் வேண்டும் என்று கேட்காதீர்கள். அது சம்பளமில்லாத இன்னொரு டூட்டி!

* தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழகத்தில் 2021-ல் சட்டமே திருத்தப்பட்டது. திட்டும் வாடிக்கையாளரிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுவதும் உங்கள் பொறுப்புதான். அதற்கு எங்களிடம் கஷாயம் கிடையாது!