வாய் திறக்காத பிளவு

1819 ஜூன் 16 அன்று குஜராத்தின் கட்ச் உவர்நிலம் குலுங்கி அடங்கியபோது, சமவெளியில் புதிதாக ஒரு கரை எழுந்து நின்றது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம், 6 மீட்டர் வரை உயரம். மக்கள் அதற்கு 'அல்லா பந்த்' என்று பெயர் வைத்தார்கள். கடவுள் கட்டிய அணை.

அதே கட்ச் 2001 ஜனவரி 26 காலையில் மீண்டும் குலுங்கியது. அளவு 7.7. இறந்தவர்கள் 13,800-க்கும் மேல். காரணமான நிலப்பிளவைத் தேடிப் புவியியலாளர்கள் வயல்வெளியெல்லாம் நடந்தார்கள். மண் வெடித்திருந்தது, மணலும் நீரும் பீறிட்டிருந்தன. பிளவின் வாய் மட்டும் எங்கும் இல்லை. பாறை பல கிலோமீட்டர் ஆழத்தில் நழுவி, தரையை எட்டுமுன் நின்றிருந்தது.

ஜமுக்காளத்தைச் சுவரை நோக்கித் தள்ளினால் மடிப்பு எழும். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்ந்து ஆசியாவை முட்டுவதில் எழுந்த மடிப்பே இமயமலை. அடியிலுள்ள பிளவில் பாறைகள் உராய்ந்து பூட்டிக்கொள்ள, நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தம் சேர்கிறது. பூட்டு விட்டதும் ஒரு பாறை மற்றதன் மேல் ஏறுகிறது. 2005 நிலநடுக்கத்தில் காஷ்மீரில் இந்த நழுவல் தரையையே கிழித்தது. 2015-ல் நேபாளத்தில் மண்ணுக்கடியிலேயே முடிந்தது. ஆனாலும் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டார்கள்.

சென்னையின் வியாசர்பாடியில் மலை இல்லை. ஆனால் நடுக்கம் தொலைவையும் எட்டும்: 2001-ல் கட்ச் நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், சபர்மதி ஆற்றின் வண்டல் மேல் நின்ற ஆமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றில் கீழ்த்தளம் சுவரின்றி, வண்டி நிறுத்தத் தூண்களோடு விடப்பட்டிருந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒரு நடுக்கம். சென்னையில் மக்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2002-ல் சென்னை நிலநடுக்க வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது.

வியாசர்பாடியின் கேப்டன் காட்டன் கால்வாயோரத் தாழ்நிலத்திலும் இன்று வண்டி நிறுத்த இடம் விட்டு மாடி எழுப்புகிறார்கள். அங்கே வீடு கட்டுபவர் தூணின் கம்பிகளைச் சுற்றும் ரிங்கைக் குனிந்து பார்க்கட்டும். ரிங்கின் முனை 90 டிகிரியில் மடிந்திருந்தால், குலுக்கலில் மேல்காரை உதிர்ந்ததும் அது விரிந்து, கம்பிகள் பிதுங்கும். 135 டிகிரியில் உள்ளே மடித்த முனை கான்கிரீட்டின் நடுவில் கவ்விக்கொண்டு நிற்கும். கம்பி கட்டும் மேஸ்திரியிடம் இதைக் கேட்கப் பலகை அடிக்கும்வரைதான் நேரம். அதற்குப் பிறகு அந்த முனையும் கண்ணுக்குத் தெரியாது.