செவித் தேர்வு

வெள்ளவத்தையில் எங்கள் வீடு தொடர்மாடியொன்றின் மூன்றாந் தளத்தில் உள்ளது. மேற்குச் சாளரத்தைத் திறந்தால் கடல். கடலுக்கும் எமக்கும் இடையே புகையிரதப் பாதை. என் தாயாருக்கு வயது 82. குளுக்கோமா என்னும் நோயினால் மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய பார்வை முற்றாக நீங்கிற்று. ஆயினும் சாளரத்தை நோக்கி அமர்ந்துகொண்டு, "தம்பி, இது கோட்டைக்குப் போற கோச்சி, முந்திப் போனது காலிப் பக்கம்" என்று அவர் கூறுவது ஒருநாளும் பிழைத்ததில்லை. ஓசை இடமிருந்து வலமாக நகர்ந்தால் கோட்டை. வலமிருந்து இடமாக நகர்ந்தால் தெஹிவளை, காலி. கண் செய்த வேலையை இரண்டு செவிகளும் பகிர்ந்து ஏற்றுக்கொண்டன.

இறைவன் செவியை இரண்டாகப் படைத்தது ஒன்று பழுதானால் மற்றையது உதவும் என்பதற்காக மட்டுமன்று. ஓசை செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் செல்கிறது. வலப்பக்கத்தில் எழும் ஓசை வலச்செவியை எட்டி, பின்னரே தலையைச் சுற்றி இடச்செவிக்குப் போகின்றது. அந்தத் தாமதம் மிகக் கூடினும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை மூளை அளந்து, ஓசை பிறந்த திசையைச் சொல்லிவிடுகின்றது. தொலைவிலிருந்து வண்டி வரும்போதே அம்மா தலையைச் சற்றே திருப்புவது இந்த அளவைக்காகத்தான்.

இத்தகைய செவியுடையவர் திரைப்படம் பார்க்க அமரும்போது என்ன நேர்ந்தது என்பதிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டி தட்டையாயிருப்பதால், அதனுள் வைக்கப்படும் ஒலிபெருக்கியும் சிறுத்துவிட்டது. பெரும்பாலும் அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பேசுகின்றது. படம் எமக்கு, பேச்சுச் சுவருக்கு! "என்னவாம் சொல்லுறான்?" என்று அம்மா வரிக்கு வரி கேட்பார். நானும் நச்சினார்க்கினியர் வழியில் பதவுரை கூறிக்கொண்டிருப்பேன். ஒருநாள் இரவு, "நீங்கள் பாருங்கோ, எனக்கு நித்திரை வருது" என்று எழுந்து சென்றார். அதன்பின் அவர் கூடத்துக்கு வரவில்லை. நித்திரை வரவில்லை என்பது எமக்குத் தெரியும். தொல்லை கொடுக்கிறோமே என்ற எண்ணமே வந்தது.

எங்கள் வீட்டில் இசைப்பெட்டி என்று ஒன்று அதுவரை இருந்ததில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. தந்தையார் காலத்தில் மரப்பேழையுள் அமைந்த வால்வு வானொலியொன்று எங்கள் பழைய வீட்டின் நடுக்கூடத்தில் வீற்றிருந்தது. 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, 1949இல் இலங்கை வானொலி என்ற பெயர் பெற்று, 1967 ஜனவரி 5ஆந் திகதி கூட்டுத்தாபனமாயிற்று. எஸ். பி. மயில்வாகனனின் குரலை அந்தப் பெட்டியிற் கேட்டதை அம்மா இன்றும் சொல்வார். ஒரே ஒலிபெருக்கிதான். ஆனால் அகன்ற கடதாசிக் கூம்பும் மரப்பேழையும் மனிதக் குரலுக்கென்றே வார்த்தவைபோற் பொருந்தியிருந்தன. 1983 ஆடிக் கலவரத்தில் வீடும் பெட்டியும் எரிந்தன. எனக்கு அப்போது வயது பதின்மூன்று. பின்னர் தந்தையார் கதிரை வாங்கினார், கட்டில் வாங்கினார், என் புத்தகங்களையும் வாங்கித் தந்தார். வானொலிப் பெட்டி மட்டும் வாங்கவேயில்லை. கைக்கடக்கமான திரான்சிஸ்டர் ஒன்று போதும் என்று இருந்துவிட்டார்.

ஆகவே சீட்டுப் பணம் ஒன்றரை இலட்சம் ரூபா கைக்கு வந்தபோது, இரு செவிக்கும் ஒலி தருகின்ற ஸ்டீரியோக் கருவியொன்றை வாங்குவதெனத் துணிந்தேன். 2022இல் நாணயம் வீழ்ந்து டொலரின் விலை ஏறத்தாழ இரு மடங்காகியபின், ஒன்றரை இலட்சம் பெருந்தொகையன்று. ஆதலாற் பிழைவிட இடமில்லை. நானோ கீழைத்தேய மொழிக் கல்லூரியிற் பயின்ற பண்டிதன். கொட்டாஞ்சேனைப் பாடசாலையொன்றில் இலக்கணம் கற்பிப்பவன். மின்சாரத்தைப் பற்றி அறிந்தது அதைத் தொடக்கூடாது என்பது மட்டுமே. எங்கள் பாடசாலைப் பௌதிகவியல் ஆசிரியரே எனக்குக் குருவானார்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நாங்கள் முதலிற் கண்டது எண்களின் ஆரவாரம். பெட்டியொன்றின்மேல் 5000 வொட்ஸ் என்று பொறித்திருந்தது. (பாடநூல் இதனை உவாற்று என்னும், கடைத்தெரு வொட்ஸ் என்னும்.) நண்பர் பெட்டியைப் புரட்டிப் பின்புறத்தைக் காட்டினார்: அது மின்சாரத்திலிருந்து இழுப்பதே 60 உவாற்றுத்தான். அறுபது உண்டு ஐயாயிரம் உமிழும் பூதம் எந்தப் புராணத்திலும் இல்லை. ஆற்றலை இரட்டித்தாலும் ஒலி 3 டெசிபலே கூடும் என்றும், எங்கள் கூடத்தைப் போன்ற அறைக்குச் சாதாரணமாகச் செலவாவது சில உவாற்றுகளே என்றும் அவர் விளக்கினார். தொடர்ந்து தாங்கக்கூடிய ஆற்றலைக் கேளுங்கள்; நொடிப்பொழுது உச்சத்தைக் கேளாதீர்கள் என்பது அவர் தந்த முதற் பாடம்.

"சேர், வீட்டிலை படம் பார்க்கவெண்டால் ஆறு பெட்டிச் செற் ஒண்டு எடுங்கோ, தியேட்டர் மாதிரி இருக்கும்" என்றான் கடைத் தம்பி. ஒரே பணத்தை ஆறாகப் பங்கிட்டால் ஆறும் எளிய பெட்டிகளாகும்; இரண்டாகப் பங்கிட்டால் இரண்டாவது நன்றாயிருக்கும். தொலைக்காட்சியின் கீழ் நீட்டிவைக்கும் ஒலிச்சட்டமும் காட்டினான். வயர்த் தொல்லையற்றது, பேச்சும் தெளிவானது. ஆனால் அதன் இடமும் வலமும் மூன்றடிக்குள் நெருங்கி நிற்கின்றன. புகையிரதம் அதற்குள் எங்ஙனம் ஓடும்? முழக்கத்துக்கென்று தனியாய் விற்கும் பெரும் பெட்டியை நானே வேண்டாமென்றேன். தாழ்ந்த ஓசை கொங்கிறீற்றுத் தளத்தை ஊடுருவி, இரண்டாந் தளத்தவர் கட்டிலையும் ஆட்டும். அயலாரோடு நாம் தொடர்ந்து வாழவேண்டுமன்றோ?

பெட்டிகளை எதைக்கொண்டு தேர்வது? கடைகளில் இடிமுழக்கப் பாட்டொன்றையே எப்போதும் ஒலிக்கவிடுவர். அதில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டியே. நான் என் மாணவியொருத்தியைக்கொண்டு கைத்தொலைபேசியிற் பதிந்த சொற்பட்டியலை எடுத்தேன்: வலி, வளி, வழி; அலை, அளை, அழை; பரவை, பறவை; மனம், மணம். கடைத் தம்பி சிரித்தான். "சேர், இது பள்ளிக்கூடமா?" என்றான். ஆயினும் ஒத்துழைத்தான்.

இது பண்டிதக் கிறுக்கன்று. ழகரம் பிறக்க நுனிநா மேலெழுந்து அண்ணத்தைத் தடவும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலிற் சொல்லிவைத்தார். 1999இல் சிறீகாந்த் நாராயணனும் அவருடன் இருவரும் காந்த ஒத்திசைவுப் படத்தால் நாவின் நிலையைக் கண்டு, தமிழின் இடையின ஒலிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் கூறு பெரும்பாலும் செக்கனுக்கு 1500 முதல் 3000 வரையான அதிர்வுகளிலே தங்கியிருக்கின்றது. இனி, நல்ல ஒலிபெருக்கிப் பேழையொன்றில் இரு வாய்கள் உண்டு: தாழ்ந்த ஒலிக்கு ஐந்தாறு அங்குலக் கூம்பு, உயர்ந்த ஒலிக்கு ஓரங்குலக் குமிழி. ஒன்று விட்ட இடத்தை மற்றொன்று பற்றிக்கொள்ளும் எல்லை, பல பேழைகளிலே 2000க்கும் 3000க்கும் இடையில் விழுகின்றது. அந்த எல்லையிற் சீரில்லையானால் முதலிற் சிதைவது நம் ழகரமே. அன்று ஐந்து சோடிப் பேழைகளைக் கேட்டோம். இரண்டு சோடிகளில் வழி வளியாயிற்று. பளபளத்த ஒரு சோடியில் எழுத்தெல்லாம் சரியாயிருந்தும் சகரம் சீறிற்று. ஒரு மணிநேரம் கேட்டால் தலைவலிக்கும். எஞ்சிய இரண்டில், கூம்பின் விளிம்பு இறப்பராலானதை எடுத்தோம். நுரைப்பஞ்சு விளிம்பு எங்கள் வெப்பத்துக்கும் ஈரக்காற்றுக்கும் சில ஆண்டுகளிற் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். கடலோரத்தார் இதனைக் குறித்துக்கொள்க.

ஒலிவிரிப்பி, அதாவது அம்பிளிபையர், தேர்ந்ததற்கு நூலறிவு தேவைப்படவில்லை. தொடுதிரையில் ஒளிரும் புதியவற்றை ஒதுக்கி, முன்முகத்தில் உருண்டையான திருகு உடைய, பிறர் கையாண்டு விற்ற பழையதொன்றைக் கொண்டேன். கண் தெரியாத கை ஒலியைத் தானே கூட்டவும் குறைக்கவும் வேண்டும். திருகின் தலைப்பில் இருந்த சிறு பள்ளத்தை அம்மா விரலாற் தடவிப் பார்த்து, "இதிலை மணிக்கூட்டு முள்ளுப்போல பிடிபடுது" என்றார். அன்று முதல் ஒன்பது மணி நிலை செய்திக்கும் பதினொரு மணி நிலை பாட்டுக்கும் உரியவாயின.

இதனை எழுதும்போது நினைவுக்கு வருபவர் அலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர். 1931இல் அவர் மனைவியோடு பேசும்படம் பார்க்கச் சென்றார். நடிகன் திரையின் ஓரத்துக்கு நடந்துபோகிறான். குரலோ இருந்த இடத்திலேயே ஒலிக்கின்றது. இந்தக் குறையைத் தீர்க்கத் தமக்கு வழி தெரியும் என்றார். அவ்வாண்டு டிசம்பர் 14ஆந் திகதி அவர் பதிந்த உரிமைப்பத்திரமே இருசெவி ஒலிப்பதிவின் அடிப்படை. தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் வெளிவந்ததும் அவ்வாண்டு ஒக்ரோபர் 31ஆந் திகதியே. நாம் பேசக் கற்ற ஆண்டிலே அவர் பேச்சின் திசையை நாடினார். 1935இல் ஹேய்ஸ் நிலையத்துப் புகையிரதங்கள் செல்வதை அவர் இருசெவி ஒலியோடு படமாக்கினார் என்று படித்தபோது, எங்கள் சாளரத்தை எண்ணிச் சிரித்தேன். ராடார்ச் சோதனை விமானம் வீழ்ந்து 1942இல் அவர் இறந்தபோது வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைத்தெருவுக்குப் பரவலாக வந்தது 1958இலேதான்.

பெட்டிகள் வீட்டுக்கு வந்த அன்று ஒலியே வரவில்லை. தொலைக்காட்சி பலவழிச் சினிமா ஒலியை அனுப்பிற்று. எங்கள் பழைய கருவிக்கு அம்மொழி தெரியாது. நண்பர் வந்து, ஒலி வெளியீட்டைப் பி.சி.எம். என்று மாற்றியவுடன் வாய் திறந்தது. பேழைகளைச் சுவரிலிருந்து ஒன்றரையடி முன்னே நகர்த்தி, எட்டடி இடைவெளி விட்டு, உயரொலிக் குமிழி அம்மாவின் செவிமட்டத்துக்கு வருமாறு நிறுத்தினோம். அவர் கதிரை எட்டடி அப்பால், சரிநடுவில். ஓட்டுத்தளம் பதித்த கூடத்திற் கைதட்டினால் ஓசை கலகலத்தது; கம்பளமும் திரைச்சீலையும் இட்டபின் அடங்கிற்று. இடமடைக்கின்றன என்று வீட்டார் பலகாலமாய் நிந்தித்துவந்த என் புத்தக அலுமாரிகளும் ஓசையைச் சிதறடித்து நன்மை செய்கின்றன என்று நண்பர் தீர்ப்பளித்தார். அதை இருமுறை உரக்கச் சொல்லுமாறு வேண்டினேன்.

முதலிற் கேட்டது 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாள். அது ஒருவழி ஒலியே. இரு பேழைகளும் ஒன்றையே சொல்ல, நாதசுரம் இரண்டுக்கும் நடுவே வெறுவெளியில் நின்று ஒலித்தது. அம்மா அறிந்த பாடல்களிற் பெரும்பாலன இத்தகையன. அவற்றுக்கு இரண்டு பெட்டி எதற்கென்று யாரேனும் கேட்டால் மறுமொழி கூறுவது கடினம். தெளிவுக்காகத்தான் கொடுத்தோமே தவிரத் திசைக்காகவன்று. பின்னர்ப் புதிய படமொன்றைப் போட்டோம். மழை இருபுறமும் பெய்தது; மோட்டார் வண்டி வலத்தே வந்து இடத்தே மறைந்தது. பதவுரை எவரும் கேட்கவில்லை. இடைவேளையில் அம்மா ஒரு குறை சொன்னார்: "எல்லாரும் நடுவிலை நிண்டுதான் கதைக்கினம். ஒருத்தரும் நடக்கிறேல்லையோ?"

உண்மைதான். இன்றைய சினிமாவிலும் பேச்சைப் பெரும்பாலும் நடுவிலேயே நிறுத்திவிடுகின்றனர். அரங்கின் ஓரத்தில் இருப்பவர்க்கும் அது திரையிலிருந்தே கேட்கவேண்டுமாம். புளூம்லைனின் முறைப்பாடு வெள்ளவத்தையில் இன்னும் நிலுவையிலுள்ளது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, மேடைக் கச்சேரி ஒலிப்பதிவொன்றை வைத்தேன். இளமையிலே பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திற் கச்சேரி கேட்டவர் அம்மா. ஆலாபனை முடியுமட்டும் அசையாதிருந்தவர், பாட்டெடுத்துத் தாளம் சேர்ந்ததும் நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, மிருதங்கம் ஆர்? பழனி சுப்பிரமணிய பிள்ளையோ?"

"இல்லை அம்மா. அவர் காலமாகிக் கனகாலம். இது இப்பத்தைய ஆள்."

"இடக்கைக்காரரோ?"

"இல்லையே. ஏன்?"

"அப்ப ஏன் வலப்பக்கம் இருக்கிறார்? பிடிலும் மாறிக் கிடக்கு."

பாடகரின் வலத்தே மிருதங்கம், இடத்தே வயலின் என்பது மேடை வழக்கு. எதிரே இருந்து கேட்போர்க்கு மிருதங்கம் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமுமாகும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர் ஆதலின் இடம் மாறி அமர்வார். நான் எழுந்து அலுமாரியின் பின்னே குனிந்து பார்த்தேன். இட வயரை வலத்திலும் வல வயரை இடத்திலும் பூட்டியிருந்தேன். கண்ணுள்ள நாங்கள் மூவர் ஒரு வாரமாக அறியாதிருந்தோம்.

வயர்களை மாற்றிப் பூட்டிப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து வைத்தேன். அம்மா கையை நீட்டித் திருகைத் தேடிப் பதினொரு மணிக்குத் திருப்பினார். அவ்வேளை வெளியே வண்டியொன்று கடந்தது. அது எந்தப் பக்கம் போகிறதென்று அன்று அவர் சொல்லவில்லை.