எப்படி இயங்குகிறது? மூடிய சட்டியும் பழைய நாணயமும்

மெர்சிங்கில் மீன் வாங்குகிறவரை ஏமாற்றுவது கடினம். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், விரலால் அழுத்துவார், பிறகுதான் விலை பேசுவார். அவரே கைப்பேசியில் 1903-ஆம் ஆண்டின் ஸ்ட்ரெயிட்ஸ் வெள்ளி டாலர் ஒன்றைப் பார்த்தால் இரண்டு படங்களை நம்பிப் பணம் அனுப்பிவிடுகிறார். இணையத்தில் நாணயம் வாங்குவது, மூடி போட்டு வீட்டுக்கு வரும் மீன் குழம்பை வாங்குவதுதான். உள்ளே தெங்கிரி என்று சொன்னார்கள். மூடியைத் திறக்கும்வரை அந்தச் சொல் ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது.

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறது. விளம்பரத்தில் சொன்னதற்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது 34-ஆம் பிரிவு. தெங்கிரி என்று சொல்லிச் சூரையைப் போட்டிருந்தால் குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் திருப்பிக் கொடுக்கலாம். உண்மையான தெங்கிரிதான், ஆனால் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் இந்தச் சட்டம் உதவாது. “விற்றது விற்றதுதான், பணம் திருப்பித் தரப்படாது” என்று எழுதி வைப்பதாலும் அந்த உரிமை போய்விடாது. சட்டத்துக்கு மாறான நிபந்தனை செல்லாது என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது. இதை அறியாமல் பலர் வாய்மூடிப் போய்விடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சட்டியைத் திறந்து பார்ப்பது எப்படி? வெள்ளி டாலருக்கு எடையே முதல் சோதனை. 1903, 1904-இல் அச்சான டாலர் 26.95 கிராம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. வெள்ளி விலை ஏறியதால் 1907-இல் அதைச் சிறிதாக்கி 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919, 1920-இல் வந்தவை 16.85 கிராம்தான், அதிலும் பாதிதான் வெள்ளி. பலர் கையில் புழங்கித் தேய்ந்த நாணயம் சற்றுக் குறையலாம், ஆனால் 1903 என்று பொறித்த ஒன்று 20 கிராம் காட்டினால் அது போலி. கிராமில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சின்ன மின்தராசு ஒன்று போதும்.

எடை சரியாக இருந்தாலும் பளபளப்பில் ஏமாறலாம். புளி போட்டுத் தேய்த்த வெள்ளி மின்னும், ஆனால் சேகரிப்பவரிடம் அதன் விலை விழும். சுத்தம் செய்ததை நேர்மையான விற்பனையாளர் முன்பே சொல்லிவிடுவார். அப்படிச் சுட்டிக்காட்டிய குறைக்காகப் பிறகு புகார் செய்ய முடியாது, அதுவும் நியாயமே. சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிக்கும் ஷெல்டன் அளவுகோல் ஒன்று உண்டு. 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் அதன்படி மதிப்பிட்டு நாணயத்தை பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. உறையிலுள்ள எண்ணை அவற்றின் தளத்தில் தேடுங்கள், அங்கே படம் இருந்தால் கையிலுள்ள நாணயத்தோடு ஒப்பிடுங்கள். உண்மையான எண்ணைப் போலி உறையில் அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

விற்கப் போகிறவரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதற்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடி பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி எச்சரித்தது. உங்கள் நாணயத்துக்கு லட்சம் தருகிறேன், அதற்கு முன்பணம் கட்டு என்பவர் நாணயத்தை வாங்க வந்தவர் அல்ல.

சொல் பொய்த்தால் எங்கே போவது? மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கு. 5 ரிங்கிட் கட்டி இணையத்திலேயே மனுப் பதியலாம், மனுவுக்காக மெர்சிங்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வேண்டாம். தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாதவர் குற்றவாளியாகிறார். ஆனால் ஒரு வரம்பு உண்டு: இந்தச் சட்டம் வியாபாரமாக விற்கிறவரைத்தான் பிடிக்கும். தன் அலமாரியிலிருந்த ஒரு நாணயத்தை விற்ற தனிநபர் மீது இந்த வழி செல்லாது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் தீர்ப்பை நிறைவேற்றவைப்பதும் நடைமுறையில் கடினம். இணையத்தில் வியாபாரம் செய்கிறவர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மை, முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதி 2013-இலிருந்து இருக்கிறது. இவை இல்லாத கடையில் வாங்காதீர்கள்.

பணம் கட்டும் முன்பே விளம்பரத்தையும் உரையாடலையும் படமெடுத்து வையுங்கள், விற்றவர் மறுநாளே அழித்துவிடக்கூடும். “இது அசல், சுத்தம் செய்யாதது” என்று எழுத்தில் கேளுங்கள். எழுத மறுத்தால் அவரை விட்டு விலகுங்கள். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் மனுப் பதிய வேண்டும். ஏமாந்து வாங்கிய நாணயம் ஏதாவது உங்கள் வீட்டில் கிடந்தால் ரசீதின் தேதியை இன்றே பாருங்கள், இன்னும் காலம் இருக்கலாம்.