கீழ்வீட்டு மொட்டைமாடி, மேல்வீட்டுத் தோட்டம்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில், கான்கிரீட் பெட்டிகளை யாரோ அவசரத்தில் அடுக்கிவிட்டுப் போனதுபோல ஒரு குடியிருப்பு நிற்கிறது. பன்னிரண்டு தள உயரம். ஒரு பெட்டி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், அடுத்தது பின்வாங்கியிருக்கும், மூன்றாவது இரண்டுக்கும் குறுக்கே படுத்திருக்கும். அங்கே ஒருவர் தக்காளி நாற்று ஊன்றும் தொட்டி, இன்னொருவர் படுக்கையறைக்கு நேர் மேலே இருக்கிறது.

சென்னை ஃப்ளாட்வாசிகளுக்கு மொட்டைமாடி என்பது அசோசியேஷன் சொத்து. தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆன்டெனாவும் போக மிச்சமிருக்கும் இடத்தில் வடாம் பிழிவதென்றால்கூடச் செயலாளர் காதில் போட்டுவைக்க வேண்டும். ‘ஹாபிடாட் 67’ என்ற அந்த மாண்ட்ரியல் குடியிருப்பில் அந்தத் தொல்லை இல்லை. எந்தத் தளத்தில் இருந்தாலும், வீட்டுக் கதவைத் திறந்தால் சொந்தமாக ஒரு திறந்தவெளித் தோட்டம். தரை மட்டும் அடுத்தவருடையது. அதாவது, அடுத்தவர் கூரை.

354 பெட்டிகள், 158 வீடுகள். 1967-ல் உலகக் கண்காட்சிக்காக இது திறக்கப்பட்டபோது வடிவமைத்த மோஷே சஃப்திக்கு வயது 28. அதற்கு முன் அவர் பெயரில் ஒரு கட்டடம்கூட எழும்பியதில்லை. இதன் மூலவடிவமும் எந்த வாடிக்கையாளரும் கேட்டு வரைந்தது அல்ல. கல்லூரிக் கடைசி ஆண்டில் சமர்ப்பித்த தீசிஸ்.

ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று தெரியும். தீசிஸ் மாதங்களில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். கூடமெங்கும் அட்டைத் துணுக்கும் பசையும். ஜூரி முடிந்த மறுவாரம் மாடல் பரணுக்கு ஏறும். இரண்டு வருடம் கழித்து வீடு மாறும்போது காயலான் கடைக்குப் போகும். பரணுக்குப் போகவேண்டிய ஒன்று கிரேனில் ஏறியது எப்படி?

சஃப்தி 1938-ல், இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவில் பிறந்தவர். கார்மேல் மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் ஊர் அது. ஒரு வீட்டுக் கூரை மட்டத்தில் அடுத்த வீட்டு வாசல் இருக்கும். 1953-ல், அவருக்குப் பதினைந்து வயதானபோது, குடும்பம் மாண்ட்ரியலுக்குக் குடிபெயர்ந்தது. மலையும் கடலும் போய், பனியும் செங்கல் வரிசை வீடுகளும் வந்தன. இரண்டு ஆண்டுகளில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தார்.

மாணவராக இருக்கும்போதே கனடா அரசின் வீட்டு அடமானக் கழகம் அவருக்குப் பயண உதவித்தொகை தந்தது. வட அமெரிக்காவில் மக்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவர வேண்டும். அன்று அங்கே பார்க்க இரண்டே ரகம்தான். ஒன்று புறநகர்: நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 1947 தொடங்கிச் சில ஆண்டுகளில் 17,000-க்கும் மேற்பட்ட ஒரேமாதிரி வீடுகள் எழுந்திருந்தன. முன்னால் புல்தரை, பின்னால் தோட்டம், பால் வாங்கக்கூடக் கார் எடுக்க வேண்டும். இன்னொன்று நகரத்து அரசு அடுக்ககம்: செயின்ட் லூயிஸில் ப்ரூயிட்-ஐகோ என்று 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பதினோரு தளம். காசு உள்ளவர் முதலாவதற்கு ஓடினார். வேறு வழியில்லாதவர் இரண்டாவதில் ஒண்டினார். ப்ரூயிட்-ஐகோவை 1972-ல் அரசே வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது வேறு கதை.

சஃப்தி திரும்பி வந்து கேட்ட கேள்வி சிறுபிள்ளைத்தனமானது. மக்களுக்குப் பிடித்தது தோட்டம். நகரத்துக்கு வேண்டியது நெருக்கம். தோட்டத்தை ஏன் மாடிக்கு ஏற்றக் கூடாது?

1961-ல் சமர்ப்பித்த தீசிஸுக்கு நகர வாழ்க்கைக்காக வாதாடுவதுபோலத் தலைப்பு வைத்தார். வழிகாட்டியவர் டச்சுக்காரரான சாண்டி வான் கின்கல். அவருடைய மனைவி பிளான்ச் லெம்கோ, மார்சேயில் லெ கார்பூசியே கட்டிய புகழ்பெற்ற அடுக்ககத்தின் கூரைத்தளத்தில் வேலை செய்தவர். மொட்டைமாடியை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் அந்த வட்டாரத்துக் காற்றிலேயே இருந்தது என்று சொல்லலாம். கல்லூரி அந்தத் தீசிஸை, கனடா முழுவதற்குமான பில்கிங்டன் பரிசுக்கு அனுப்பியது. பரிசு கிடைக்கவில்லை.

படித்து முடித்தவர் பிலடெல்பியாவுக்குப் போய், கட்டடக் கலைஞர் லூயி கானிடம் சேர்ந்தார். அகமதாபாத் ஐஐஎம் வரைபடங்கள் உருவாகத் தொடங்கியிருந்த அலுவலகம் அது. அங்கேயே இருந்திருந்தால் நல்ல உதவியாளராக நாலு வருடம் ஓடியிருக்கும். 1963-ல் வான் கின்கல் கூப்பிட்டார்: மாண்ட்ரியலில் உலகக் கண்காட்சி வருகிறது, மொத்தத் திட்டம் போட ஆள் வேண்டும், வா. சஃப்தி போனார். போகும்போது தீசிஸையும் கையில் எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் விஷயம். கண்காட்சிக்கு வரும் நாடுகள் ஆளுக்கொரு பெவிலியன் கட்டி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகும். கனடா மட்டும் ஏன் மக்கள் குடியிருக்கும் ஒரு பகுதியையே காட்சிப்பொருளாக வைக்கக் கூடாது?

அவர் முதலில் கேட்டது 1,000-க்கும் மேற்பட்ட வீடுகள், கடைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஹோட்டல், இருபதுக்கும் மேற்பட்ட தளங்கள். மாடலுக்கு லெகோ கட்டைகள். மாண்ட்ரியல் கடைகளில் இருந்த லெகோவையெல்லாம் வாங்கித் தீர்த்துவிட்டோம் என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பெட்டி செய்த விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். கட்டும் இடத்தின் பக்கத்திலேயே ஒரு வார்ப்பு ஆலை போட்டார்கள். 38½ அடி நீளம், 17½ அடி அகலம், 10 அடி உயரத்தில் இரும்பு அச்சு. கம்பிக் கூட்டை உள்ளே இறக்கி, கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் அச்சைக் கழற்றினால் ஒரு பெட்டி. நம் கணக்கில் ஏறக்குறைய 670 சதுர அடி. அது தரையில் இருக்கும்போதே சன்னல், மின்கம்பி, சமையலறை எல்லாம் பொருத்தினார்கள். குளியலறை தனித்தனி டைல்ஸ் வேலை இல்லை. ஃபைபர் கிளாஸில் வார்த்த ஒற்றை உருப்படி. பிறகு கிரேன் வந்து 70 முதல் 90 டன் வரை எடையுள்ள பெட்டியைத் தூக்கி, அதன் இடத்தில் உட்காரவைக்கும். ஒற்றைப் பெட்டியே ஒரு வீடாகலாம். இரண்டு, மூன்று பெட்டிகளைச் சேர்த்து நாலு படுக்கையறை வரை போகலாம். இப்படிப் பதினைந்து வகை வீடுகள்.

உட்கார்ந்த பெட்டி விழாமல் நிற்க வேண்டுமே. அந்தத் தலைவலியை ஏற்றவர் கானின் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்ட எஸ்டோனியாக்காரர், அகஸ்ட் கோமெண்டன்ட். இங்கே பெட்டிகளைத் தாங்கத் தனிச் சட்டகம் கிடையாது. பெட்டியே தூண், பெட்டியே உத்திரம். கீழ்வரிசைப் பெட்டி தன் தலைமேல் இருப்பவற்றையெல்லாம் சுமக்க வேண்டும். முறுக்கேற்றிய எஃகு வடங்களால் பெட்டிகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிணைத்தார்கள். லிஃப்ட் எல்லாத் தளத்திலும் நிற்காது. சில தளங்களில் மட்டும் நீளமான நடைதெருக்கள். அங்கே இறங்கி, ஆற்றுக் காற்றில் நடந்து, படியேறியோ இறங்கியோ வீட்டுக்குப் போக வேண்டும். தெருவில் போகிறவரைப் பார்த்து “என்ன, இப்பதான் வர்றீங்களா?” என்று கேட்கும் வாய்ப்பை ஆகாயத்தில் உண்டாக்கிய ஏற்பாடு.

இனிதான் சங்கடமான பகுதி. அரசு யோசனையை ஏற்றது, அளவை ஏற்கவில்லை. 1,000-க்கும் மேல் கேட்ட இடத்தில் 158 வீடுகள். பள்ளியும் ஹோட்டலும் போயின. சஃப்தியின் தீசிஸில் உயிர்நாடி பெட்டியின் வடிவம் அல்ல, எண்ணிக்கை. கார் தொழிற்சாலைபோல ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் ஒரு பெட்டியின் விலை இறங்கும். அச்சும் ஆலையும் கிரேனும் 5,000 பெட்டிக்கும் அதே செலவு, 354 பெட்டிக்கும் அதே செலவு. முடிவில் மொத்தம் சுமார் 2.2 கோடி கனடிய டாலர் ஆனது. வீட்டுக்கு ஏறக்குறைய 1,40,000 டாலர். அன்றைய நடுத்தரக் குடும்பத்து வீட்டு விலையைவிடப் பல மடங்கு. கட்டடம் பிழைத்தது, கணக்கு பிழையாகிப்போயிற்று.

இதே காலத்தில் லண்டனில் இன்னொரு இளம் கட்டடக் கலைஞர் பணம் தருகிறவர்களோடு வேறுவிதமாக மோதினார். தெற்கு லண்டன் டாசன்ஸ் ஹைட்ஸ் குடியிருப்பை 1964-ல் வடிவமைக்கத் தொடங்கியபோது கேட் மெக்கின்டாஷுக்கு இருபத்தேழு வயது. உள்ளாட்சி அலுவலக ஊழியர். சுமார் 300 வீடுகள், எல்லாம் அரசு வீடுகள். தனித்தனி பால்கனி ஆடம்பரம், அதற்கு மானியம் கிடையாது என்பது விதி. அவை பால்கனி அல்ல, தீ விபத்தில் தப்பும் வழி என்று எழுதிக்கொடுத்தார் மெக்கின்டாஷ். பால்கனி வந்துவிட்டது. சஃப்திக்கு உலகப் புகழ் கிடைத்தது, மெக்கின்டாஷ் பெயர் வெகுகாலம் வெளியே தெரியவில்லை. ஆனால் எளியவர் குடியேறியது மெக்கின்டாஷின் வீடுகளில்தான்.

கண்காட்சி நடந்த ஆறு மாதங்களில் 5 கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். சஃப்தியே குடும்பத்தோடு ஹாபிடாட்டில் குடியேறினார். கூட்டம் கலைந்த பிறகு வாடகை சாமானியருக்கு எட்டவில்லை. குளிர்காலமும் ஒரு பாடம் சொன்னது. சாதாரண அடுக்ககத்தில் ஒரு ஃப்ளாட்டுக்கு வெளியைப் பார்த்த சுவர் ஒன்றோ இரண்டோதான். இங்கே பெட்டியின் நாலு பக்கமும் கூரையும் சில இடங்களில் அடித்தளமும்கூடப் பனியைப் பார்க்கின்றன. வெப்பம் வெளியேறும், மூட்டுகளில் ஈரம் இறங்கும். நீர்க்கசிவும் பூஞ்சையும் பல காலம் படுத்தின. மொட்டைமாடி ஒழுகும் என்பதை நமக்கு யாரும் கனடாவிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் குடியிருந்தவர்கள் காலி செய்யவில்லை. 1980-களின் நடுவில் அரசு அதை விற்றபோது குடியிருந்தவர்களே சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். 2009-ல் கியூபெக் மாநிலம் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பலர் பக்கத்துப் பெட்டியையும் வாங்கிச் சுவரைத் திறந்துகொண்டதால் வீடுகளின் எண்ணிக்கை 158-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்காக ஒரு மாணவர் போட்ட திட்டம், வசதியுள்ளவர் வரிசையில் நிற்கும் முகவரியாகிவிட்டது.

முதல் வெற்றிக்குப் பிறகு வேலை குவிந்திருக்க வேண்டும். குவிந்தது, காகிதத்தில். நியூயார்க்குக்கு ஒரு ஹாபிடாட் வரைந்தார், கட்டப்படவில்லை. போர்ட்டோ ரிக்கோவில் சில பெட்டிகள் வார்த்ததோடு வேலை நின்றது. பால்டிமோரில் ஒரு புதுநகரம், அதிலும் திட்டமிட்டதில் சிறு பகுதிதான் எழுந்தது. அடுத்த பல ஆண்டுகளில் அவர் பெயரைக் காப்பாற்றியவை அருங்காட்சியகங்களும் நூலகங்களும்தான். பஞ்சாபின் ஆனந்தபூர் சாகிபில் 2011-ல் திறந்த விராசத்-இ-கால்சா அவருடையதே.

ஹாபிடாட்டின் வாரிசைத் தேட வேண்டிய இடம் சிங்கப்பூர். பிஷானில் 2015-ல் முடிந்த ‘ஸ்கை ஹாபிடாட்’ சஃப்தியின் வடிவமைப்பு: 38 தளம், 509 வீடுகள், படிக்கட்டுபோலச் சரியும் இரண்டு கோபுரங்கள், இடையே பாலத்தோட்டங்கள். தோட்டம் இருக்கிறது, ஆனால் பெட்டிகளை வார்த்து அடுக்கிய கட்டடம் அல்ல. கிளெமென்டி வட்டாரத்தில் 2019-ல் முடிந்த ‘கிளெமென்ட் கேனபி’ நேர் எதிர். 40 தளத்தில் இரண்டு கோபுரங்கள், 1,899 கான்கிரீட் பெட்டிகள். மலேசியாவின் ஜொகூரில் வார்த்து, சிங்கப்பூரில் உள்வேலை முடித்து, கிரேனில் ஏற்றி அடுக்கியவை. சஃப்தி 1961-ல் கேட்ட தொழிற்சாலை முறை அப்படியே இருக்கிறது, கூரைத்தோட்டம்தான் இல்லை. பெட்டிகள் நேர்க்கோட்டில், சாதாரணக் கோபுரம்போல நிற்கின்றன.

2022-ல் சஃப்தி தன் வரைபடங்கள், மாடல்கள் அனைத்தையும், ஹாபிடாட்டில் தனக்கிருந்த வீட்டையும் மெக்கில்லுக்கே கொடுத்துவிட்டார். வெட்டப்பட்ட அந்தப் பழைய முழுத் திட்டம் 2023-ல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் கணினி மென்பொருளில் முப்பரிமாணமாக எழுந்தது. சுற்றிவரலாம், குடியிருக்க முடியாது.

சிங்கப்பூர் போகும் தமிழர்களில் மெரினா பே சாண்ட்ஸ் முன்னால் படம் எடுக்காமல் திரும்புபவர் குறைவு. அதுவும் சஃப்தி கைவேலைதான். அடுத்த முறை எம்ஆர்டி ஏறிப் பிஷானில் இறங்கி, கொஞ்சம் நடந்துபோய் அண்ணாந்து பாருங்கள். பிறகு கிளெமென்டிக்கும் போங்கள். இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம்.