டியூப் லைட் துடிக்கும், காலண்டர் ஆடும்

அம்மா சோறு பரிமாறுகிறாள். வேலை போன செய்தியைச் சொல்லாமல் மகன் சாப்பிடுகிறான். மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் இப்படியொரு காட்சி இல்லாத படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு நடிகர்கள், ஒரு கூடம், ஒரு டியூப் லைட். செலவே இல்லாத காட்சி என்று நம்பித்தான் எழுதுகிறார்கள். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கூடமே மூச்சு வாங்குவதுபோல் வெளிச்சம் ஏறி இறங்குகிறது. சில ஷாட்டுகளில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்கின்றன. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த விளக்கு எப்போதும் அப்படித்தான் எரிகிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு தடவை பூஜ்யத்தைத் தொட்டு மீளும். ஆகவே காப்பர் சோக் போட்ட பழைய டியூப் லைட், நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். குண்டு பல்புக்கும் இதே மின்சாரம்தான். ஆனால் சூடேறிய அதன் இழை அவ்வளவு சீக்கிரம் ஆறாது. துடிப்பும் பெரிதாகத் தெரியாது. எலக்ட்ரானிக் சோக், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் சுற்றாக மாற்றிவிடுவதால் அதிலும் தொல்லை குறைவு. மலிவு விலை எல்.இ.டி. பல்புகளின் குணம் எரியவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கேமரா நொடிக்கு 24 பிரேம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிரேமிலும் ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் சரியாக இரண்டு துடிப்புகள் உள்ளே வரும். எந்தக் கணத்தில் திறந்தாலும் இரண்டுதான். எனவே எல்லாப் பிரேமும் ஒரே வெளிச்சம். 1/100 வைத்தால் ஒரு துடிப்பு, அதுவும் சரி. 1/60 என்றோ 1/125 என்றோ வைத்தால் கணக்கு உதைக்கும்: ஒரு பிரேமில் வெளிச்சம் கூடுதலாக மாட்டும், அடுத்ததில் குறையும். போதாக்குறைக்கு, செல்போன் கேமரா படத்தை ஒரே வீச்சில் பதிவதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. மேல்வரி பதிந்தபோது இருந்த வெளிச்சம் கீழ்வரிக்கு வரும்போது இருக்காது. பட்டை விழுவது இதனால்தான்.

போனை ஆட்டோவில் விட்டால் ஷட்டரைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். ஷட்டரை 1/50-இல் நிறுத்தி வைக்க விடும் கேமரா ஆப் ஒன்று கட்டாயம் வேண்டும். சினிமா கேமராக்களில் இதையே கோணமாகச் சொல்வார்கள்; 24 பிரேமுக்கு 172.8 டிகிரி. அமெரிக்காவில் மின்சாரம் 60 சுற்று. அந்த ஊர் யூடியூப் பாடத்தைப் பார்த்து 1/60 வைத்துவிட்டு இங்கே விழிப்பவர்கள் நிறைய. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்.இ.டி. பேனல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குறைத்து வைக்கும்போது சில பேனல்கள் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிந்தே மங்கலாகத் தோன்றும். அந்த வேகம் நம் 1/50 கணக்குக்குக் கட்டுப்படாது. அவற்றை முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, சற்றுத் தள்ளி வெள்ளைத் துணி பிடிப்பதே உத்தமம்.

அடுத்தது சத்தம். மின்விசிறி ஓடினால் வசனம் கெடும். நிறுத்தினால் நடிகருக்கு வியர்க்கும். அதைவிடப் பெரிய வம்பு எடிட்டிங்கில் வரும். விசிறி ஓடியபோது எடுத்த வைடு ஷாட்டில் சுவரில் தினசரி காலண்டர் படபடக்கிறது. நிறுத்திவிட்டு எடுத்த குளோசப்பில் அசையாமல் தொங்குகிறது. டேக்குக்கு இடையில் மட்டும் விசிறியைப் போட வேண்டும், அல்லது காலண்டரைக் கழற்றிவிட வேண்டும். நான் கழற்றச் சொல்வேன். பிரிட்ஜின் உறுமலும் இதே வகை. அதை அணைத்தவர் தன் வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிடுவது ஒலிப்பதிவாளர்களிடையே உலவும் பழைய தந்திரம். சாவியை எடுக்கத் திறக்கும்போது மீண்டும் போட வேண்டும் என்பது நினைவு வரும், வீட்டுக்காரரின் மாவும் புளிக்காது. எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் நின்று, அந்த அறையின் வெறுமையை ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையே வெட்டிய இடத்தை அடைக்க அது உதவும்.

பகல் காட்சிக்குச் சூரியனே பகை. மணிக்கு 15 டிகிரி நகர்வதால், தட்டின் மேல் விழுந்த வெயில் குளோசப் எடுப்பதற்குள் சுவருக்குப் போய்விடும். வெயிலை நம்பாமல் இருக்கும் வித்தையைக் காட்டியவர் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காக, காசியின் முற்றம் வைத்த வீட்டைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட் போட வேண்டி வந்தது; மழைக்குப் பயந்து திறந்தவெளியில் போடவில்லை. ஆகாய வெளிச்சத்தில் முற்றத்துக்கு அழுத்தமான நிழல் கிடையாது. ஸ்டுடியோ விளக்கோ ஆளுக்கு இரண்டு நிழல் போடும். மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, வானத்திலிருந்து வருவது போலவே பரவியது. ராயின் முதல் படமான 'பதேர் பாஞ்சாலி'க்கு முன்பு சினிமா கேமராவையே இயக்கியிராதவர் அவர். இன்று நம் செட்டுகளில் தெர்மோகோல் அட்டை செய்யும் வேலையும் இதேதான்.

குறும்படம் எடுக்கப்போகிறவர்கள் ஷூட்டிங்குக்கு முந்தைய நாள், அதே நேரத்தில் அந்த வீட்டுக்குப் போங்கள். எல்லா விளக்குகளையும் போட்டு ஒரு நிமிடம் படம் எடுங்கள், ஹெட்போன் மாட்டி ஒரு நிமிடம் ஒலி பதியுங்கள். இரண்டையும் போனில் பார்க்காமல் பெரிய திரையில் பாருங்கள்.